தொடரும் என்று எழுதத் தெரிந்தவர்

கே. பாலசந்தர் இயக்கி 1968இல் வெளிவந்த ‘எதிர்நீச்சல்’ படத்தில் இருமல் தாத்தா என்று ஒருவர் இருக்கிறார். படம் முடியும் வரை அவருடைய முகத்தை நமக்குக் காட்டுவதில்லை. பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு வீட்டின் ஏதோ ஓர் அறைக்குள்ளிருந்து வரும் இருமல் சத்தம்தான் அவர். ஆனாலும், மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் மாதுவையும், கிட்டு மாமாவையும், பட்டு மாமியையும், நாயரையும் நினைவில் வைத்திருப்பவர்கள் அந்தத் தாத்தாவையும் மறப்பதில்லை. ஒரு நடிகருக்குச் சம்பளம் கொடுக்காமலேயே ஒரு பாத்திரத்தை உண்டாக்கிவிட்டார் பாருங்கள் என்று என் அப்பா ஒவ்வொரு முறையும் வியப்பார். அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எதையும் செலவுக் கணக்காகத்தான் அவருக்குப் பார்க்கத் தெரியும். அந்தத் தாத்தாவின் உண்மையான பெறுமதி எனக்குப் புரிந்தது வேறோர் இடத்தில், கே. பாலசந்தரின் திரைப்படங்களைவிட அதிகமாக அவருடைய தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து வளர்ந்த ஆண்டுகளில்.

2014 டிசம்பர் 23 அன்று அவர் மறைந்தபோது நான் படித்த அஞ்சலிக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வடிவில் இருந்தன. மேடையில் தொடங்கினார், திரையில் சிகரம் தொட்டார், ரஜினிகாந்தையும் கமல்ஹாசனையும் தந்தார், பிற்காலத்தில் தொலைக்காட்சிக்கும் பங்களித்தார் என்று கடைசி வரியில் ஒரு வாக்கியம் வரும். அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் ஒருபோதும் ஏற்க முடிந்ததில்லை. தொலைக்காட்சி அவருக்கு ஓய்வுக்கால வேலை அன்று, ஏ.ஜி. அலுவலகம் எனப்படும் கணக்காயர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக நாடகம் எழுதிய நாட்களிலேயே அவர் எழுதிக்கொண்டிருந்த ஒரு வகைக் கதைக்கு, சுமார் முப்பதாண்டுகள் தாமதமாக வந்து சேர்ந்த இடம் அது என்பதே என் எண்ணம்.

நன்னிலத்தில் 1930இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, முத்துப்பேட்டையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்து கணக்காயர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். இந்தத் தகவல்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் அலுவலகம் முடிந்தபின் நாடகம் போடும் ஒரு குழு எத்தகைய நாடகத்தை எழுதவைக்கும் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒத்திகைக்கு மாலை ஆறு மணிக்குமேல்தான் ஆட்கள் கிடைப்பார்கள். காட்சிக்குக் காட்சி அரங்கை மாற்றப் பணமும் இருக்காது, ஆளும் இருக்காது. ஆகவே ஒரே செட்டில் இரண்டரை மணி நேரமும் நடக்கவேண்டும். அந்த ஒரே அறைக்குள் எட்டுப் பேர் வந்து போகவேண்டும் என்றால், ஒவ்வொருவரும் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே ஏதோ ஒரு செய்தியைக் கொண்டுவரவேண்டும். எதிரில் அமர்ந்திருக்கும் சபா உறுப்பினர்களோ மாதச் சம்பளக்காரர்கள். ராஜாக்களின் கதையைக் காட்டிலும் வாடகை பாக்கியின் கதை அவர்களுக்குச் சீக்கிரம் விளங்கும். இத்தனை கட்டாயங்களிலிருந்தும் பிறந்ததுதான் பாலசந்தரின் கதைமுறை. ‘நீர்க்குமிழி’ ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. ‘மேஜர் சந்திரகாந்த்’ பார்வையிழந்த ஒரு ராணுவ வீரரின் வீட்டில் நடக்கிறது. ‘எதிர்நீச்சல்’ நடப்பது, நான் முதலில் சொன்ன அந்த ஒண்டுக்குடித்தன வீட்டில்.

திரையுலகம் முதலில் அவரை வசனகர்த்தாவாகத்தான் அழைத்தது. 1964இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதினார். அதே ஆண்டில், நாகேஷை மனத்தில் வைத்து எழுதிய ‘சர்வர் சுந்தரம்’ நாடகம் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் ஏவி.எம். படமானது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எந்தப் பாதையில் போகவேண்டும் என்பதை அந்த ஓராண்டிலேயே அவர் முடிவு செய்துவிட்டார் என்று தோன்றும். நட்சத்திரத்துக்காக வசனம் எழுதும் பாதையில் அவர் நீண்ட காலம் நடக்கவில்லை, எம்.ஜி.ஆரை வைத்துப் படம் இயக்கவில்லை, சிவாஜி கணேசனை வைத்து இயக்கியது ‘எதிரொலி’ என்ற ஒரே படம். மாறாக நாகேஷ், சௌகார் ஜானகி, முத்துராமன், மேஜர் என்ற அடைமொழியை அவருடைய நாடகத்திலிருந்தே பெற்ற சுந்தரராஜன் என்று ஒரு நாடகக் குழுவைப் போன்ற நடிகர் கூட்டத்தைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டார். 1965இல் ‘நீர்க்குமிழி’ மூலம் இயக்குநரானபோதும் மேடையை அவர் விட்டுவிட்டு வரவில்லை, தூக்கிக்கொண்டே வந்தார். நாடகத்தனம் என்று விமர்சகர்கள் சொன்ன குறை அதுதான். அந்தக் குறையில் நியாயமும் இருந்தது. அகலத்திரையில் நான்கு பேர் வரிசையாக நின்று ஒருவர் பின் ஒருவராகப் பேசும் காட்சிகள் இன்று பார்க்கும்போது சலிப்பூட்டுகின்றன.

‘இரு கோடுகள்’ (1969) மட்டும் எனக்கு எப்போதும் விதிவிலக்கு. ஒரு கோட்டைத் தொடாமலேயே அதைச் சிறிதாக்க வேண்டுமானால் பக்கத்தில் அதைவிடப் பெரிய கோடு ஒன்றை வரைந்தால் போதும் என்ற விளையாட்டு ஒரு கதையாக விரிகிறது: கணவன் குமாஸ்தாவாக இருக்கும் அலுவலகத்துக்கே அவன் பிரிந்த முதல் மனைவி கலெக்டராக வந்து சேர்கிறாள். கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் நிற்கும் ஒருவனுடைய உடல்மொழியை, பல ஆண்டுகள் அப்படி நின்றிருக்கும் ஒருவரால்தான் அவ்வளவு துல்லியமாக எழுத முடியும். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. என் அப்பா இந்தப் படத்தைப் பற்றி மட்டும் செலவுக் கணக்குச் சொல்லமாட்டார், பேசாமல் பார்ப்பார்.

எழுபதுகளில் அவர் எழுதிய பெண்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நான் சொல்ல விரும்புவது அந்தப் பெண்களைப் பற்றி அல்ல, அவர்களுடைய கதைகளின் கடைசிப் பத்து நிமிடங்களைப் பற்றி. ‘அரங்கேற்றம்’ (1973), ஆசாரமான ஒரு குடும்பத்துப் பெண் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றத் தன் உடலை விற்க நேர்வதைத் தமிழ்த் திரையில் அதுவரை இல்லாத நேர்மையுடன் பேசுகிறது. ஆனால் அந்தப் பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியாமல் கடைசியில் அவளைச் சித்தம் கலங்கவைக்கிறது. ‘அபூர்வ ராகங்கள்’ (1975), வேதாளம் கேட்கும் புதிரைப் போல உறவுகளை முடிச்சுப் போட்டுவிட்டு, அந்த முடிச்சுக்கு விடை சொல்லாமல் மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் திருப்பி அனுப்பிவிடுகிறது. கேள்வி கேட்கும்வரை இருந்த துணிச்சல், பதில் சொல்லும் நேரத்தில் கைவிட்டுவிடுகிறது. இதை அவருடைய கோழைத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்தக் கதைகளுக்கு உண்மையில் முடிவு கிடையாது; ஆனால் திரையரங்கில் விளக்கைப் போடவேண்டும், அடுத்த காட்சிக்கான கூட்டம் வாசலில் நிற்கிறது.

இதை அவரும் உணர்ந்திருந்தார் என்பதற்கு ஒரு தலைப்பே எனக்குப் போதுமான சான்று: 1974இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’. சுஜாதா நடித்த கவிதா என்ற அந்த வேலைக்குப் போகும் பெண், தனக்குக் கிடைக்கவிருந்த திருமணத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் குடும்பப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறாள். அந்த முடிவு தண்டனையாகவோ வெகுமதியாகவோ அமையவில்லை. மறுநாள் காலை அவ்வளவுதான். வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை படித்துப் பழகிய ஒரு தலைமுறைக்கு அந்தத் தலைப்பின் பொருள் உடனே விளங்கியிருக்கும். திரைக்கதையின் இலக்கணப்படி முடியவேண்டிய இடத்தில் ‘தொடரும்’ என்று போட்டுவிட்டு எழுந்து போனவர் அவர். அவருடைய எழுபதுகளின் படங்களில் மிகக் குறைவாக மூப்படைந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

(இங்கே ஒரு முணுமுணுப்பு. குறியீடுகள் மீது அவருக்கிருந்த காதல் சில நேரங்களில் அளவு கடந்தது. ஒரு பாத்திரத்தின் மனம் உடைவதைக் காட்ட ஏதேனும் ஒரு பொருள் உடைந்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தில் எத்தனையோ நல்ல நடிகர்களின் முகங்களிலிருந்து கேமரா விலகிப் போயிருக்கிறது. ‘அவர்கள்’ படத்தில் வரும் ஜூனியர் என்ற பேசும் பொம்மையை இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிடுகிறேன். உரிமையாளனால் சொல்ல முடியாத காதலை அந்தப் பொம்மை சொல்கிறது. பொருளும் நடிக்கிறது, மனிதனும் நடிக்கிறான்.)

அவருடைய வாழ்க்கையில் ஓர் ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதச் சொன்னால் நான் 1981ஐத் தேர்ந்தெடுப்பேன். அந்த ஆண்டில், சென்னையில் தெலுங்கிலேயே ஓராண்டுக்கு மேல் ஓடிய ‘மரோ சரித்ரா’வை இந்தியில் ‘ஏக் துஜே கே லியே’ என்று எல்.வி. பிரசாத்தின் நிறுவனத்துக்காக எடுத்து வடக்கையும் வென்றார். கோமல் சுவாமிநாதனின் மேடை நாடகத்தை எடுத்துக்கொண்டு ‘தண்ணீர் தண்ணீர்’ படத்தைச் செய்தார். அறைகளிலேயே வாழ்ந்த அவருடைய கேமரா முதல்முறையாக வறண்ட வெட்டவெளியில் மூச்சுத் திணறாமல் நடந்தது, சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதும் கிடைத்தது. ரஜினிகாந்தை முழுநீள நகைச்சுவைக்குள் இறக்கிய ‘தில்லு முல்லு’வும் அதே ஆண்டுதான், ரஜினியைக் கதாநாயகனாக வைத்து அவர் இயக்கிய கடைசிப் படமும் அதுவே. கவிதாலயா என்ற சொந்த நிறுவனம் முதல் படத்தை வெளியிட்டதும் அந்த ஆண்டில்தான். அந்த முதல் படமான ‘நெற்றிக்கண்’ணில் நாயகன் ரஜினிகாந்த், இயக்கியவர் எஸ்.பி. முத்துராமன்.

கடைசி இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். 1975இல் ஒரு பெரிய இரும்புக் கதவைத் திறந்துகொண்டு திரைக்குள் வரவைத்து, தன் பழைய நாடகப் பாத்திரம் ஒன்றின் பெயரையே சூட்டி அறிமுகப்படுத்திய நடிகரை, இயக்குநர் பாலசந்தர் வழியனுப்பிய அதே ஆண்டில் தயாரிப்பாளர் பாலசந்தர் வரவேற்கிறார். அந்த நடிகர் இனி தன் கதைக்குள் அடங்கமாட்டார் என்பது எழுத்தாளருக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே கதையை அவருக்கு ஏற்ப அமைக்கத் தெரிந்த வேறோர் இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு, தான் முதல் போடுபவராக ஒதுங்கி நின்றார். தன்னுடைய முத்திரையைத் தான் தயாரிக்கும் எல்லாப் படங்களிலும் பதிக்கவேண்டும் என்று அடம்பிடிக்கும் இயக்குநர்கள் தயாரிப்பாளர்களாகித் தோற்றுப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். இவர் தன் ரசனையையும் தன் நிறுவனத்தின் கணக்கேட்டையும் தனித்தனி அலமாரிகளில் வைத்திருந்தார். ‘வேலைக்காரன்’, ‘அண்ணாமலை’, ‘முத்து’ ஆகியவை அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தன. ‘அச்சமில்லை அச்சமில்லை’யும் ‘சிந்து பைரவி’யும் அதே நிறுவனத்திலிருந்துதான் வந்தன. 1992இல் மணிரத்னத்தின் ‘ரோஜா’வைத் தயாரித்தபோது ஏ.ஆர். ரகுமான் என்ற அறிமுக இசையமைப்பாளரோடு படம் வெளிவந்தது. அலுவலகத்தில் கற்ற பாடம் இது என்று அப்பா சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் அவருடைய கணக்கு சரி.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் ‘ரயில் சிநேகம்’ ஒளிபரப்பானபோது எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. பக்கத்துப் போர்ஷனில் இருந்தது. அந்த மாமி கதவைத் திறந்து வைப்பார், நாங்கள் பாயில் உட்காருவோம். வி.எஸ். நரசிம்மன் இசையில் சித்ரா பாடிய வீணைப் பாடல் தொடங்கும்போதே பேச்சு அடங்கிவிடும். தொடரின் கதையை மறந்துவிட்டவர்கள்கூட அந்தப் பாட்டை இன்னும் முணுமுணுக்கிறார்கள். ஆனால் எனக்கு நினைவில் நிற்கும் காட்சி பெட்டிக்குள் இல்லை. அம்மா பெரும்பாலும் எங்களோடு வந்து உட்காரமாட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் வேலையாக இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். மறுநாள் மாமியோடு கதையைப் பேசும்போது, பார்த்த எங்களைவிடக் கேட்ட அவர் அதிகம் புரிந்துவைத்திருப்பார். யார் பொய் சொல்கிறார்கள், யார் அழுகையை அடக்குகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குக் குரலிலிருந்தே தெரிந்திருக்கும்.

இருமல் தாத்தா யார் என்பது எனக்கு விளங்கியது அங்கேதான். சுவருக்கு மறுபுறத்திலிருந்து வரும் சத்தத்தை மட்டும் வைத்து ஒரு மனிதரை அறிந்துகொள்வது ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்த எல்லோருக்கும் பழகிய கலை. சுவருக்கு இந்தப் புறத்தில் நின்று கேட்கும் ஒருவருக்காகவே பாலசந்தர் 1968இலேயே எழுதியிருக்கிறார். தொலைக்காட்சித் தொடர் என்பது பாதி வீடுகளில் பார்க்கப்படுவதில்லை, கேட்கப்படுகிறது. குரலாலும் பேச்சுப் பழக்கத்தாலும் ஆளை அடையாளம் காட்டும் எழுத்து அதற்குத் தேவை. ‘சிந்து பைரவி’யில் ரகசியத்தை வெளியே சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று தவிக்கும் ஜனகராஜின் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டாலும் அவர் உங்கள் முன்னால் நிற்பார்.

அகலத்திரையில் குறையாகத் தெரிந்த ஒவ்வொன்றும் சின்னத்திரையில் இயல்பாகிவிட்டது. ஒரே அறை, நான்கு சுவர், கதவைத் திறந்து செய்தி கொண்டுவரும் மனிதர்கள், முகத்துக்கு மிக அருகில் கேமரா என்று அவர் பல்லாண்டுகளாகச் செய்துவந்ததைத்தான் அந்தச் சிறிய பெட்டி கேட்டது. அன்றைய தூர்தர்ஷன் தொடர்களின் அளவும் அவருக்குப் பொருந்தியது: வாரத்துக்கு ஒரு பகுதி, பெரும்பாலும் 13 வாரங்கள். ஒரு நாடகத்தைவிட நீளம், ஆனால் ஆசிரியரே கடைசிவரை கையில் பிடித்து நடத்திச் செல்லக்கூடிய நீளம். ‘கையளவு மனசு’, ‘பிரேமி’, ‘காதல் பகடை’ என்று அவர் தொடர்ந்தபோது, வாரத்துக்கு ஒருமுறை ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஏழு நாள் பார்வையாளரையே பதில் தேடவிடும் வசதி முதல்முறையாக அவருக்குக் கிடைத்தது. அந்த ஏழு நாட்களில் மாமியும் அம்மாவும் திண்ணையில் செய்த விவாதங்கள் எந்தத் திரையரங்கின் இடைவேளையிலும் நடந்திருக்க முடியாதவை.

தயாரிப்பாளராகவும் அவர் பழைய வழக்கத்தையே இங்கும் கடைப்பிடித்தார். அவருடைய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனமான மின்பிம்பங்களின் மிகப் புகழ்பெற்ற தொடரான ‘மர்மதேசம்’, இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்தில் நாகா இயக்கியது; சித்தர்களும் கருப்பசாமியும் உலவும் அந்த உலகத்துக்கும் பாலசந்தரின் கூடத்துக்கும் எந்த ஒட்டும் இல்லை. தனக்கு எழுத வராத ஒன்றை இன்னொருவர் செய்வதற்கு இடம் கொடுத்துவிட்டு அவர் தள்ளி நின்றார். பின்னால் தினசரித் தொடர்களின் காலம் வந்தது. வாரத்துக்கு ஐந்து பகுதிகள் என்ற வேகத்தில் அவருடைய பெயர் தாங்கிய தொடர்களும் நீர்த்துப் போயின என்பதை அவர்மீது அன்பு வைத்திருப்பவனாகவே ஒப்புக்கொள்கிறேன். ‘தொடரும்’ என்பது ஒரு எழுத்தாளரின் தேர்வாக இருந்த நிலை போய், விளம்பர நேரத்தின் தேவையாக மாறியபோது அந்தச் சொல்லின் அழகும் போய்விட்டது. 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு அறிவிக்கப்பட்ட நேரத்தில், அவர் ஒரு காலத்தில் அவ்வளவு கவனமாகப் பயன்படுத்திய அந்த வடிவம் அடையாளம் தெரியாமல் ஊதிப்போயிருந்தது.

‘சிந்து பைரவி’யின் கடைசிக் காட்சிக்கு எங்கள் வீட்டில் ஒரு வரலாறு உண்டு. 1985இல் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவில் அம்மா சாப்பிடவில்லையாம். தான் காதலித்த பாடகருக்குப் பெற்ற குழந்தையை அவருடைய மனைவி பைரவியிடம் கொடுத்துவிட்டுச் சிந்து புறப்பட்டுப் போவதை அவரால் தாங்கமுடியவில்லை. அந்தப் பெண் எங்கே போவாள், யார் அவளுக்குச் சோறு போடுவார்கள், குழந்தையை நினைக்காமல் எப்படித் தூங்குவாள் என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்ததாக அப்பா சொல்வார். ஆகவே பல ஆண்டுகள் கழித்து, அந்தப் படத்தின் தொடர்ச்சியாக ‘சஹானா’ என்ற தொடரை ஜெயா டிவிக்காகப் பாலசந்தரே எடுக்கிறார் என்று தெரிந்ததும் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது அம்மாவிடம்தான். அதற்குள் எங்களுக்கென்று சொந்தமாக ஒரு பெட்டி வந்திருந்தது. முதல் சில வாரங்கள் அம்மா சமையலறையைவிட்டு வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, முழுக்கவனத்தோடு பார்த்தார். பிறகு ஒருநாள் பாட்டு முடிவதற்குள் எழுந்துவிட்டார்.

“ஏம்மா, பிடிக்கலையா?” என்று கேட்டேன்.

“போனவ போனவளாவே இருக்கட்டுமேடா. இத்தனை வருஷமா அவ எங்க போனான்னு நானே ஒவ்வொரு விதமா நெனச்சுப் பாத்துட்டிருந்தேன். இப்போ இவரு வந்து இங்கதான் போனான்னு சொல்லிட்டாரு.”

சமையலறைக்குத் திரும்பிப் போனார். நான் தொடரைக் கடைசிவரை பார்த்தேன். ஒலியை மட்டும் கொஞ்சம் கூட்டிவைத்திருந்தேன்; அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.